நூல்கண்டு சாரும் நீல கவுனும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எத்தனையோ விதமான மனிதர்களோடு குப்பை கொட்டியிருக்கிறேன். ஆனால் மாதாந்திர மீட்டிங்கில் மேனேஜர் பேசிக்கொண்டிருக்கும்போதே, மேஜைக்கு அடியில் ஒரு சிறுமியின் கவுனில் பேட்ஜ் தைத்த மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழக்கத்தில் இல்லை. எங்களுக்கு அவர் நூல்கண்டு சார்.

லாரிகளுக்கு போல்ட்டு, நட்டு செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் ஸ்டோர்ஸில், அவர் தரக்கட்டுப்பாட்டில். வெர்னியர் என்று ஓர் அளவுக் கருவி, மில்லிமீட்டருக்கும் உள்ளே போய் அளக்கும். அது இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. ஒரு மயிரிழை பிசகினாலும் போல்ட்டை எடுத்துச் சிவப்பு டப்பாவில் போட்டுவிடுவார். கேன்டீனில் இட்லியைக்கூட அளந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார் என்று ஒரு புரளி இருந்தது. அதைக் கிளப்பியவன் நான்தான்.

அந்தக் கவுனுக்குச் சொந்தக்காரி அவருடைய மகள். கரையான்சாவடியில் அம்மாவோடு இருந்தாள். இவர் திருமுல்லைவாயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் இருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் மகளைப் பார்க்கலாம் என்று ஏற்பாடு. அவள் பள்ளியில் புல்புல் படையில் சேர்ந்தாள். பத்து வயதுக்கு உட்பட்ட சிறுமிகளுக்கான சாரணர் படை அது. வெளிர்நீல கவுன், கழுத்தில் ஸ்கார்ஃப், ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் ஒரு பேட்ஜ். அந்த பேட்ஜைத் தைக்கத் தனக்குப் பொறுமை இல்லை என்று அந்த அம்மா சொல்ல, இவர் முந்திக்கொண்டு நான் தைக்கிறேன் என்றிருக்கிறார். அதற்கு முன்னால் அவர் ஊசியைத் தொட்டதே இல்லை.

அந்த அம்மாவுக்கும் அம்பத்தூர் பக்கம்தான் வேலை. வெள்ளிக்கிழமை காலை எங்கள் கேட்டில் செக்யூரிட்டியிடம் ஒரு துணிப்பையைக் கொடுத்துவிட்டுப் போவார். திங்கட்கிழமை வாங்கிக்கொள்வார். இருவரும் பார்த்துக்கொள்வதில்லை. வாட்ஸ்அப்பில் பேசினால் இரண்டாவது வரியிலேயே சண்டை வருகிறது என்று அதையும் நிறுத்திவிட்டார்களாம். பைக்குள் ஒரு துண்டுச் சீட்டு போகும், வரும். "இரண்டாவது பட்டன் தளர்வாக உள்ளது, இறுக்கிவிட்டேன்" என்று இவர் எழுதுவார். "பார்த்தேன். நன்றி" என்று அவர் எழுதுவார். அந்த "நன்றி"யை நூல்கண்டு சார் என்னிடம் மூன்று முறை காட்டினார். நானும் மூன்று முறையும் முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்தேன்.

தையல் பழகுவதற்கு என் சட்டைதான் கிடைத்தது. தோள் தையலிலிருந்து எவ்வளவு கீழே, பாக்கெட்டிலிருந்து எவ்வளவு தள்ளி என்று வெர்னியரால் அளந்து, சாக்பீஸால் கோடு போட்டுப் பார்ப்பார். ஒரு நாள் சமையல் பேட்ஜை என் சட்டைக் கையில் குத்திவிட்டு மறந்துபோனார். நானும் மறந்து அப்படியே வீட்டுக்குப் போய்விட்டேன். என் மனைவி அதை உற்றுப் பார்த்துவிட்டு, உங்களுக்கு இதைக் கொடுத்தவனுக்குக் கண் தெரியாதா என்று கேட்டாள்.

மீட்டிங் கதைக்கு வருகிறேன். ரிஜெக்ஷன் ஏன் கூடிப்போச்சு என்று மேனேஜர் இவரைப் பார்த்துக் கேட்டார். இவர் மரியாதையாக எழுந்து நின்றார். கூடவே கவுனும் எழுந்தது. தையல் சுவாரசியத்தில் கவுனைத் தன் பேண்ட்டோடு சேர்த்துத் தைத்திருக்கிறார். தொடையிலிருந்து ஒரு நீல கவுன் தொங்க, முகத்தில் சலனமே இல்லாமல், புள்ளிவிவரம் சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தார். மேனேஜர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். அவர் வேறென்னதான் செய்வார், பாவம்.

இவ்வளவு ஒழுங்கான மனிதரோடு அந்த அம்மாவுக்கு என்னதான் பிரச்சினை என்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. டிபன் பாக்ஸை மூடி வைத்தார்.

"வீட்லயும் இன்ஸ்பெக்ஷன் பண்ணிட்டேன் சார்," என்றார். "தோசை, கோலம், திரைச்சீலை, எதுக்கும் ஒரு தடவைகூட நல்லா இருக்குன்னு சொன்னதில்ல. எல்லாத்துலயும் எங்க கோணல்னுதான் பாத்தேன்."

அதற்குப் பிறகு இட்லிப் புரளியை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மகளுக்குப் பத்து வயது முடிந்தது. புல்புல் முடிந்து, பெரிய பெண்களுக்கான கைடு படைக்குப் போனாள். புதுச் சீருடை, புது பேட்ஜ். ஆனால் அங்கே ஒரு விதி, பேட்ஜை அவரவரே தைத்துக்கொள்ள வேண்டும் என்று. கடைசியாக வந்த சீட்டில் அந்த அம்மா அதை எழுதி, இதுவரை செய்ததற்கு நன்றி என்று முடித்திருந்தார். அந்த நன்றியை நூல்கண்டு சார் என்னிடம் காட்டவில்லை. மேஜையில் கிடந்ததை நானேதான் எடுத்துப் படித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கேட்டுக்குப் போய் நின்றார். அதற்கடுத்த வெள்ளியும் நின்றார்.

"அண்ணாத்தே, இன்னிக்கும் ஒண்ணும் வர்ல," என்றான் செக்யூரிட்டி. "வந்தா நானே உள்ள எத்துகினு வர மாட்டனா? நீ இன்னாத்துக்கு வெயில்ல நின்னுகினு கீற?"

அதற்குப் பிறகு போகவில்லை. மத்தியானங்களில் ஊசி பிடித்த கையைச் சும்மா வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இருபது பேர் சாப்பிடுகிற கேன்டீனில் ஒருவர் அவ்வளவு தனியாக உட்கார முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அவரையே திட்டினேன். பள்ளியில் சனிக்கிழமை அணிவகுப்பு இருப்பதாக மகள் சொல்லியிருக்கிறாள், இவருக்குத்தான் முறையான அழைப்பு வேண்டுமாம். அழைப்பாவது ஒன்றாவது என்று சொல்லி, என் ஸ்கூட்டரில் ஏற்றிக் கரையான்சாவடிக்குக் கொண்டுபோனேன்.

மைதானச் சுவரோரம் நின்றோம். அணிவகுப்பு முடிந்ததும் அந்தப் பெண் எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். பின்னாலேயே, நடப்பதா வேண்டாமா என்கிற நடையில் அந்த அம்மாவும் வந்தார். மகள் கையைத் திருப்பித் தோள்பட்டையைக் காட்டினாள்.

"அப்பா, நானே தெச்சேன். நேரா இருக்கா?"

கண்ணாடி போடாமல் வந்த எனக்கே தெரிந்தது. ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, நடுவில் நூல் ஒரு முடிச்சாகத் துருத்திக்கொண்டு, அது பேட்ஜே இல்லை, விபத்து. நூல்கண்டு சார் குனிந்து பார்த்தார். நிதானமாக, போல்ட்டைப் பார்க்கிற அதே பார்வை. அந்த அம்மா வேறு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு இது எத்தனையாவது தடவையோ.

"நேரா இருக்கும்மா," என்றார். "ரொம்ப நல்லா இருக்கு."

அந்த அம்மா சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தார். வெயிலில் ரொம்ப நேரம் நிற்காதீர்கள் என்று மட்டும் பொதுவாக எங்கள் இருவருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

திரும்பும் வழியில் திருமுல்லைவாயிலுக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. அந்த அறையில் அவரை இறக்கிவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை. ஓரமாக வண்டியை நிறுத்தி, மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னொரு தட்டு எடுத்து வை என்று என் மனைவிக்குப் போன் செய்தேன்.