நான்கு எல்லை எழுதிய பெட்டி

ஒரு பொருளை விற்பதற்கு 'வால்வு' என்று ஊரார் கூப்பிட்ட ஒருவரைப் போல ஆசைப்பட்ட மனிதர் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே கிடையாது. விற்காமல் தப்பித்ததிலும் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவருடைய சவுண்டு சர்வீஸ் கடை வாசலில் ஏழு வருஷம் ஒரு தகரப் பலகை தொங்கியது: 'இந்தப் பெட்டி விற்பனைக்கு. பணம் வாங்கப்பட மாட்டாது.' மழை அந்த எழுத்துகளைத் தின்னத் தின்ன, பெயின்ட் டப்பாவோடு ஏணியில் ஏறிவிடுவார். விற்கிற எண்ணம் மங்கிவிடக் கூடாதாம்.

நான் அப்போது எதிர்த்தாற்போல் இருந்த தாலுகா ஆபீசில், நிலப் பிரிவில், இளநிலை உதவியாளர். ஜன்னலோரம் என் மேஜை. எட்டிப் பார்த்தால் வெண்ணாறு, எட்டாமலே பார்த்தால் வால்வு.

பெட்டி என்று அவர் சொன்னது ஒரு கிட்டார் ஆம்ப்ளிபயர். சீமையில் செய்தது. கறுப்பு ரெக்சின் போர்த்திய மரக்கூடு, முன்னால் பழுப்புத் துணி, மூலையில் மாதுளை முத்தளவு ஒரு சிவப்பு விளக்கு. முதுகுப் பக்கம் குனிந்து பார்த்தால் உள்ளே ஐந்து கண்ணாடி வால்வுகள் ஐந்து ஊர் அந்திபோலச் சிவந்து நிற்கும். திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் நடன விருந்துகளுக்குக் கிட்டார் வாசித்த ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும்போது, பெட்டியைக் கொடுத்துவிட்டு வால்வின் கைக்கடிகாரத்தை வாங்கிக்கொண்டு போனார். கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கடிகாரம். மாமனார் அதற்கப்புறம் வால்வோடு பேசவில்லை. "பேசாட்டி என்ன, அவரு பேசுனாலும் தூரத்துலேர்ந்துதான் பேசுவாரு, மைக் வேணும்" என்பார் வால்வு.

கடிகாரம் போன பிறகு அவருக்கு நேரம் என்பது பெட்டிதான். சுவிட்சைப் போட்டால் வால்வுகள் சூடேறிக் குரல் வர முக்கால் நிமிஷம் பிடிக்கும். அது ஒரு சூடு. "ரெண்டு சூட்டுல வந்துர்றேன் சார்" என்பார். டீக்கடையில், "முட்டை ஆறு சூடு வேகட்டும்." அவர் மனைவிக்கு எத்தனை சூடு பிரசவ வலி என்பதுகூட எங்கள் ஆபீசில் எல்லாருக்கும் தெரியும்.

அந்த நாட்களில் எங்கள் பக்கம் நெல்லுக்கு அடுத்தபடி அதிகம் விளைந்தது பொதுக்கூட்டம். ஆளுங்கட்சிக் கூட்டம், எதிர்க்கட்சிக் கூட்டம், கூலி நெல்லைக் கூட்டிக் கேட்கும் சிவப்புக்கொடிச் சங்கத்தின் கூட்டம், கூட்டித் தர முடியாது என்கிற மிராசுதார்களின் கூட்டம். எல்லாவற்றுக்கும் அதே வால்வு, அதே பெட்டி, தென்னை மரத்தில் கட்டிய அதே இரண்டு குழாய் ஸ்பீக்கர். காலையில் மிராசுதார்கள் திட்டிய திட்டுக்குச் சாயந்திரம் அதே மைக்கில் சங்கம் பதில் சொல்லும். "என்னய்யா, எந்தக் கட்சி நீ?" என்று கேட்டால், "பொட்டிக்குச் சூடுதாங்க உண்டு, கட்சி கெடையாது" என்பார்.

ஆனால் எந்தக் கட்சித் தலைவராக இருந்தாலும் சூடேறும்வரை வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் வால்வு கையை உயர்த்திவிடுவார். மாலை போட்ட கழுத்தோடு, திறந்த வாயோடு, முக்கால் நிமிஷம் அப்படியே நின்ற பெரிய மனிதர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பெட்டியில் 'நடுக்கம்' என்று அவர் பெயர் வைத்த திருகு ஒன்று இருந்தது. கிட்டாரின் நாதத்தை அலை அலையாக நடுங்க வைப்பதற்கானது. ஒருமுறை ஆளுங்கட்சிப் பேச்சாளர் ஒருவர் வாய்க்கால் தூர்வாருவது பற்றிப் பேசும்போது வால்வின் முழங்கை அதில் பட்டுவிட்டது. "தூ…ர்…வா…ரு…வோ…ம்" என்று குரல் நடுங்கியது. மனிதர் அழுகிறார் என்று முன்வரிசைப் பெண்கள் அழுதார்கள். அவர்கள் அழுவதைப் பார்த்துப் பேச்சாளரும் நிஜமாகவே அழுதார். மறுவாரம் அவருடைய ஆள் கடைக்கு வந்து ரகசியமாகக் கேட்டான்: "அண்ணே, ஞாயித்துக்கெழமை கூட்டத்துக்கு அந்த அழுகையும் சேத்துக் குடுப்பீங்களா?"

இந்தப் பெட்டியைத்தான் அவர் விற்கப் பார்த்தார். ஏன் என்று கேட்டேன்.

"வித்தாத்தானே சார் அது எவ்ளோ பெறும்னு தெரியும்?"

"பணம் வேணாங்குறீங்களே?"

"பணம் குடுத்தா யாருக்கு வலிக்குது? இன்னிக்கிப் போனா நாளைக்கி வருது. நான் கடிகாரத்தக் குடுக்கறப்போ எனக்கு இங்க வலிச்சுது." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "எனக்குக் குடுக்குறவருக்கும் அங்க வலிக்கணும். அப்பதான் சரிக்குச் சரி."

வந்தார்கள், ஒவ்வொருவராக. சீர்காழியிலிருந்து ஒரு கடைக்காரர் புத்தம்புதிய டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயரோடு வந்து, "சூடேற வேணாங்க, சுவிட்சப் போட்டதும் பேசும்" என்றார். "யோசிக்காமப் பேசுற பொட்டி எனக்கெதுக்கு, அதுக்குத்தான் மேடையில ஆளுங்க இருக்காங்களே" என்று அனுப்பிவிட்டார். திருவையாற்றிலிருந்து மெல்லிசைக் குழுக்காரர் ஒருவர் அக்கார்டியனைத் தூக்கிக்கொண்டு வந்தார். வால்வு அவர் முகத்தையே ஒரு சூடு பார்த்தார். "இது போனா சோறு எறங்குமா உங்களுக்கு?" "பேஷா எறங்கும்." "அப்ப எடுத்துட்டுப் போங்க."

கோடியக்கரை உப்பளத்துக்காரர் ஒருவர் கழுத்தில் மாட்டிவந்த தூரதரிசினிக் கண்ணாடிதான் கிட்டத்தட்ட வென்றது. பறவை பார்க்க வந்த வெள்ளைக்காரர் யாரோ அவருக்குக் கொடுத்ததாம். பூநாரை வருவதை ஊரில் முதலில் பார்ப்பவர் அவர்தானாம். கழற்றி மேஜைமேல் வைக்கும்போதே மனிதருக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. வால்வு அதைத் திரும்ப அவர் கழுத்திலேயே மாட்டிவிட்டார். "இவ்ளோ அழுவுற ஆளுகிட்டேர்ந்து எப்படிங்க வாங்குறது?"

அப்போதுதான் எனக்கு வியாபாரத்தின் சூட்சுமம் புரிந்தது. வலிக்காதவனிடம் வாங்க மாட்டார். வலிக்கிறவனிடம் வாங்க மனசு வராது. உலகம் அழியும்வரை பலகை தொங்கலாம்.

நானும் முயன்றேன். எனக்குக் கிட்டாரும் கிடையாது, வாசிக்கவும் தெரியாது. அந்தச் சிவப்பு விளக்கின்மேல் ஒரு கிறுக்கு. என் கவிதை நோட்டைக் கொண்டுபோய் வைத்தேன். இரண்டு பக்கம் படித்தார். "குடுத்தா ஒங்களுக்கு வலிக்கும், தெரியுது சார்" என்று நோட்டை மெதுவாக மூடினார். "வாங்குனா எனக்கும் வலிக்கும்."

சூடேறுவதற்குக் காத்திருக்கத் தெரிந்த ஒரே ஆள் என்று அவர் சொன்னது அஞ்சலையை. சங்கக் கூட்டங்களில் பெட்டி உறுமாமல் இருக்க எர்த் கம்பியைச் சுற்றிக் குடத்தால் தண்ணீர் ஊற்றுவது அந்தம்மாதான். புருஷன் போனபின் ஆற்றங்கரையோரம் ஆறு மா நிலத்தை, ஏறக்குறைய இரண்டு ஏக்கர், குத்தகைக்குப் பயிரிட்டு வந்தாள். நிலம் குடை மிராசுக்குச் சொந்தம். வெயிலோ மழையோ விரித்த குடையோடே நடப்பதால் அந்தப் பெயர். குத்தகைதாரர் என்று பதிவு செய்யச் சொல்லி அவள் கொடுத்த மனு என் மேஜையில்தான் கிடந்தது. மிராசு அதற்கு எழுதிய பதில் ஒரே வரி: 'மேற்படியாள் என் பண்ணையில் தினக்கூலிக்கு வேலை செய்பவள்.'

ஒரு கூட்டத்தில் அவளை மைக் முன்னால் நிறுத்தினார்கள். வால்வு சுவிட்சைப் போட்டார். அவள் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். சூடேறியதும் பேசினாள். "குறுவை அறுத்ததும் என்னைய எறக்கிவிட்ருவேன்னு சொல்றாங்க. நான் எறங்க மாட்டேன்." அவ்வளவுதான், போய்க் குடத்தை எடுத்துக்கொண்டாள். பத்து வருஷ மேடைப் பேச்சில் பெட்டி அவ்வளவு சுத்தமாக எதையும் சொன்னதில்லை என்று வால்வு ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் நில உச்சவரம்பை இன்னும் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு பரவியது. மிராசுதார்கள் அவசர அவசரமாக நிலத்தைச் சமையல்காரர் பேரிலும் வண்டிக்காரர் பேரிலும் எழுதினார்கள். வண்டிமாட்டுக்குக் கைநாட்டு வைக்கக் கட்டைவிரல் இல்லாததால் அது மட்டும் நிலச்சுவான்தார் ஆகவில்லை. இதே சமயத்தில் குடை மிராசின் மகன் மெட்ராஸ் காலேஜிலிருந்து ஓர் எலெக்ட்ரிக் கிட்டாரோடு வந்து இறங்கினான். ஆம்ப்ளிபயர் இல்லாமல் அது கொசு மாதிரி முனகியது. மிராசு ஒரே குடையில் இரண்டு மழைக்கு ஒதுங்கப் பார்த்தார்.

"யோவ் வால்வு, பொட்டிய எம் புள்ளைக்குக் குடு. ஆத்தங்கரை ஆறு மாவ ஒம் பேருக்கு எழுதிர்றேன்."

நான் ஜன்னலில் எழுந்தே நின்றுவிட்டேன். அஞ்சலையின் ஆறு மா.

"வலிக்குதுங்களா?" என்றார் வால்வு.

மிராசு குடையை மடக்கினார். அவர் குடை மடக்கி அன்றுதான் பார்த்தேன். "பாட்டன் சொத்துடா. பெத்த வயிறு மாதிரி வலிக்குது." மேல்துண்டால் கண்ணைக்கூட ஒற்றினார்.

வால்வு ஒரு சூடு யோசித்தார். "சரிங்க."

ஆபீசே சிரித்தது. என் பக்கத்து நாற்காலிக்காரர் சொன்னார்: "கிறுக்கன். நெலம் பேப்பர்ல வரும், பேப்பர்லயே போயிரும். பொட்டி மட்டும் நெசமாப் போவுது."

பத்திரம் எழுதும் இடத்துக்கு நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். நிலத்துக்கு ஈடாகப் பெட்டி பெற்றுக்கொள்ளப்பட்டது என்பது பத்திரத்திலேயே வர வேண்டும் என்று வால்வு பிடிவாதம் பிடித்தார். பத்திர எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பொட்டிக்கெல்லாம் எங்கிட்ட வாசகம் இல்லய்யா."

"நெலத்துக்கு எப்படி எழுதுவீங்க?"

"நாலு எல்லை போடுவோம்."

"இதுக்கும் போடுங்க."

போட்டார்கள். 'வடக்கில் சிவப்பு விளக்கு, தெற்கில் மின்சார ஒயர், கிழக்கில் நடுக்கத் திருகு, மேற்கில் எலி கடித்த ரெக்சின், இதற்குட்பட்ட வால்வு ஐந்து, ஸ்பீக்கர் ஒன்று சகிதம் இன்று முதல் தாங்களே ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.' மிராசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக் கையெழுத்துப் போட்டார். சமையல்காரரிடமும் வண்டிக்காரரிடமும், பின்னால் நிலத்தைத் திரும்ப எழுதிக்கொள்ள, வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி வைத்திருந்த மனிதர், வால்விடம் வாங்கவில்லை. கிறுக்கனிடம் எதற்கு என்ற அலட்சியம். எழுத்தர் அன்று வால்வின் நிஜப் பெயரைக் கேட்டார், அவரும் சொன்னார். காதில் விழுந்தது, நிற்கவில்லை.

பத்து நாள் கழித்து வால்வு என் மேஜைக்கு வந்தார். சட்டைப் பையில் பத்திரம்.

"சார், அஞ்சலை மனு இருக்குல்ல, அதுல நில உரிமையாளர் சம்மதம்னு ஒரு எடம் இருக்காமே. எங்க கையெழுத்துப் போடணும்?"

காட்டினேன். என் பேனாவையே நீட்டினேன்.

மறுநாளே வால்வின் கடைக்குக் குடை வந்தது, விரித்தபடி. "ஏன்டா, பேப்பருக்கு எழுதுன நெலத்துல கையெழுத்துப் போட நீ யார்றா?"

"ஐயா, நான் குடுத்தது பேப்பர் பொட்டியா?"

மிராசு தாசில்தாரிடம் போனார். தாசில்தார் பத்திரத்தை வாங்கி, பெட்டியின் நான்கு எல்லையையும் உதடு துடிக்க இருமுறை படித்தார். எங்கள் ஆபீசில் அவர் சிரிக்கும் நிலைக்கு அவ்வளவு கிட்டே வந்தது அதுதான். அந்த எழுத்து பொய் என்று மிராசு சொன்னால், எழுதிவைத்த மற்ற நிலங்களும் வரிசையாகப் பொய்யாகி உச்சவரம்புக்குள் விழும். மெய் என்று சொன்னால் ஆறு மா போச்சு. "ஈடு எதுவும் நான் வாங்கலீங்க" என்று சொல்லிப் பார்த்தார். சரியாக அந்த நேரம் பார்த்து, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மாடியிலிருந்து அவர் மகனின் கிட்டார் மூன்று ஊருக்குக் கேட்டது. நடுக்கத் திருகு முழுசாகத் திறந்திருந்தது. தாசில்தார் காதைச் சாய்த்தார். மிராசு குடையை மடக்கினார், இரண்டாவது தடவையாக.

அந்த வருஷம் குறுவையை அஞ்சலையே அறுத்தாள், பதிவான குத்தகைதாரராக. நில உரிமையாளர் வால்வு அவளிடம் கேட்ட குத்தகை, பொங்கலுக்கு ஒரு கட்டு வைக்கோல். குழாய் ஸ்பீக்கர்களைப் பொதிந்து வைக்கவாம். "வால்வண்ணே, நெல்லாக் கேளுங்கண்ணே, எனக்குக் கூச்சமா இருக்கு" என்றாள். "நெல்லுல ஸ்பீக்கர வச்சா எலி வருமேம்மா" என்றார்.

கடைக்குக் கடைசியில் சீர்காழிக்காரரின் டிரான்சிஸ்டர் பெட்டியே வந்தது. சுவிட்சைப் போட்டதும் பேசும். ஆனாலும் வால்வு பேச்சாளர்களைப் பழையபடி முக்கால் நிமிஷம் வாயைத் திறக்கவிடாமல் நிறுத்தியே வைத்தார். "இதுக்குச் சூடு வேணாமேய்யா" என்று ஒருவர் கேட்டதற்கு, "ஒங்களுக்கு வேணுமே" என்றார்.

மாறுதல் உத்தரவு வந்து நான் ஊரை விட்டுக் கிளம்பிய சாயங்காலம், அவரைத் தேடி ஆற்றங்கரை ஆறு மாவுக்குப் போனேன். வரப்பில் உட்கார்ந்திருந்தார். சம்பா நாற்று காற்றில் சாய்ந்து நிமிர்ந்தது. எதிர்க்கரையில் மிராசின் மாடி. வால்வு தினமும் வரப்பில் வந்து உட்காருவதாக அஞ்சலை சொல்லியிருந்தாள். நிலத்தைப் பார்க்க வருகிறார் என்று ஊரே நினைத்துக்கொண்டிருந்தது. அவர் முகம் மாடியின் பக்கம் இருந்தது.

ரொம்ப நாளாக மனசில் கிடந்ததைக் கேட்டேன். "அந்தம்மாவுக்காகத் திட்டம் போட்டுச் செஞ்சீங்களா, இல்ல உங்க சரிக்குச் சரி கணக்கா?"

சிரித்தார்.

"பொட்டி போனது வலிச்சுதா?"

மாடியில் யாரோ சுவிட்சைப் போட்டிருக்க வேண்டும். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் கையை உயர்த்திவிட்டார், மேடையில் உயர்த்துவதுபோலவே.

"இருங்க சார். சூடேறட்டும்."

எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வரப்போடு நடந்து வந்துவிட்டேன். அதற்கப்புறம் அவரைப் பார்க்கவில்லை. எத்தனையோ மேடைகளில் எத்தனையோ பேர் என்னைக் காக்க வைத்திருக்கிறார்கள், எழுந்து போயிருக்கிறேன். இந்த ஒரு பதிலுக்கு மட்டும் இன்னும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன்.