ஒழுக்கு வரையறை உபகுழு

யாழ்ப்பாண நீதிமன்றங்களில் பதினேழு வருடம் வாதாடிய சட்டத்தரணி கிறிஸ்துராஜா, 1985இல் லண்டன் வந்து பெட்ரோல் செட் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஓய்வு நேரங்களில் சனத்துக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தார். அந்தச் சனத்தின் வாக்குகளால் 1990இல் தென்லண்டன் கவுன்சில் ஒன்றின் உறுப்பினரும் ஆனார்.

முதல் முறைப்பாடு அருமைநாயகியுடையது. மூன்று பிள்ளைகளோடு, கவுன்சில் வாடகைக்குக் கொடுத்த வீட்டில் இருப்பவர்.

"அண்ணை, சீலிங்கால தண்ணி ஒழுகுது. சின்னவளுக்கு இழுப்பு."

"ஒரு கிழமை பொறு தங்கச்சி. சபையைக் கலக்கிறன்."

சபையில் நாற்பது நிமிடம் முழங்கினார். வீடமைப்பு அதிகாரி பணிவோடு எழுந்தார்.

"மாண்புமிகு உறுப்பினர் குறிப்பிடுவது ஒழுக்கா, கசிவா, ஈரமா? ஒழுக்கென்றால் நாங்கள் பொறுப்பு. கசிவென்றால் மேல்வீட்டுக்காரர். ஈரமென்றால் அம்மையாரின் சமையல் ஆவி."

கிறிஸ்துராஜாவுக்கு மெய்சிலிர்த்தது. ஐந்து வருடமாக அவரிடம் யாரும் இப்படியொரு கேள்வி கேட்டதில்லை. பெட்ரோல் செட்டில் கேட்டதெல்லாம் "கழிப்பறை எங்கே?" என்பதுதான்.

"இது வரையறுக்கப்பட வேண்டிய விடயம்!" என்றார்.

உபகுழு அமைந்தது. அவரே தலைவர். இரண்டு வருடம், பதினொரு கூட்டம். 'சீலிங்கிலிருந்து எட்டு விநாடிக்கு ஒரு துளியேனும் விழுந்தால் அது ஒழுக்கு' என்று அவர் கைப்பட எழுதிய வரையறை ஏகமனதாக நிறைவேறியது. அதிகாரி கடிகாரத்தோடு அருமைநாயகி வீட்டுக்குப் போனார். அன்றைக்கு நல்ல வெயில். 'துளி சமூகமளிக்கவில்லை' என்று குறித்துக்கொண்டார்.

அடுத்த மழைக்கு சீலிங் முழுதாக இடிந்து கட்டிலில் விழுந்தது.

"பிள்ளையள்?" ஓடிவந்த கிறிஸ்துராஜா கேட்டார்.

"பள்ளிக்கூடத்தில, அண்ணை. கடவுள் காப்பாத்தினது."

நேரே அதிகாரியின் அறைக்குப் பாய்ந்தார். அதிகாரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள். வரையறைப்படி ஒழுக்குக்கு சீலிங் அவசியம். இப்போது சீலிங் இல்லை. ஆகவே ஒழுக்கும் இல்லை."

மறுத்து வாதாட வாயெடுத்தார் கிறிஸ்துராஜா. வரையறையில் ஓட்டை தேடினார். பதினேழு வருட அனுபவத்தோடு எழுதியது. ஒரு ஓட்டையும் இல்லை. வந்த வழியே திரும்பினார். அந்த வருட அறிக்கையில் வட்டாரத்து ஒழுக்குகள் பூச்சியம் என்று பதிவாகியது.

1994இல் அவர் முன்னதைவிட இரட்டிப்பு வாக்கில் வென்றார். டூட்டிங் மண்டபத்தில் பாராட்டு விழா. பொன்னாடை போர்த்தியவர் அருமைநாயகி.

"உன்ர வீடு இன்னும் திருத்தேல்லையே, பிறகேன் இவருக்கு வோட்டுப் போட்டனீ?" பக்கத்தில் இருந்த சிநேகிதி கலாவதி கேட்டார்.

அருமைநாயகி பெருமையோடு நிமிர்ந்தார்.

"மற்றவைக்கு ஒழுக்கெண்டா என்னெண்டே தெரியாது. எங்கட ஆளல்லோ அதைச் சட்டமாவே எழுதினவர்!"