வேலை பார்க்க வராத வெள்ளைக்காரர்

ஓசூர்,
17-6-1988.

பெருமதிப்பிற்குரிய மச்சான் லால் பாஷா அவர்களுக்கு, மைத்துனன் ஜமீர் அகமது அஸ்ஸலாமு அலைக்கும் கூறி எழுதிக்கொண்டது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் ஃபகருன்னிசாவும் பிள்ளைகளும் இங்கே சுகம். தாங்களும் குல்ஷன் அக்காவும் மணப்பெண் ஃபரீதாவும் சுகமாக இருக்கவும், காவேரிப்பட்டினம் மண்டியில் மாங்காய் வரத்து குறையாமல் இருக்கவும் துஆ செய்கிறோம்.

தங்கள் கார்டு கிடைத்தது. இரண்டே வரி. "தாய்மாமன் வராமல் நிச்சயம் நடந்துவிட்டது. மாப்பிள்ளை பிடிக்காமல்தான் மாமன் வரவில்லையா என்று சம்பந்தி வீட்டார் கேட்கிறார்கள்." இதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை ரசூல் தங்கமான பையன் என்று முதலில் சொன்னதே நான்தானே. நடந்தது வேறு. அதற்குக் காரணம் ஒரு ஜெர்மன்காரர்.

எங்கள் கம்பெனிக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு கிரைண்டிங் மெஷின் வந்திருக்கிறது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்ட ஒரு எஞ்சினியர் வந்தார். பெயர் ஓட்டோ. அவர் வந்த அன்றே ஆரம்பித்தது வினை. கேட் வாட்ச்மேன் நாராயணப்பன் போன் செய்து, "சார், ஓட்டோ வந்திருக்கு" என்றான். மேனேஜர் காதில் அது "ஆட்டோ" என்று விழுந்திருக்கிறது. "வெளியிலயே நிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டார். நாராயணப்பனும் நிறுத்திவைத்துவிட்டான். ஆறடி உயர மனிதர் முக்கால் மணி நேரம் வெயிலில் நின்று, உள்ளே வரும்போது சுட்ட மிளகாய் மாதிரி இருந்தார்.

பர்சனல் ஆபீஸ் கிளார்க் என்பதால் அவருடைய பாஸ்போர்ட் என் கைக்கு வந்தது. பார்த்தால் பிசினஸ் விசா. அந்த விசாவில் வந்தவர் பேசலாம், பார்க்கலாம், வேலை மட்டும் செய்யக்கூடாது. செய்ய வேண்டுமானால் தனி பர்மிட் வேண்டும், இல்லை டில்லியிலிருந்து விலக்கு வேண்டும் என்று எங்கள் ஹெட் ஆபீஸ் எழுதியிருந்தது. விலக்குக்கு மே மாதமே விண்ணப்பம் போட்டாகிவிட்டது, பதில்தான் வரவில்லை. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ஜமீர், பதில் வர்ற வரைக்கும் அவர் கை மெஷின் மேல படக்கூடாது. பட்டா உன்னைத்தான் கேப்பேன்" என்றார். நான் அதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஓட்டோவிடம் சொன்னேன். வாய் வேலை செய்யலாம், கை செய்யக்கூடாது. அதற்கு அவர், "எங்கள் ஊரில் இதற்கு மேனேஜர் என்று பெயர்" என்றார். அதை நான் மேனேஜருக்குச் சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை, அதாவது நிச்சயத்தன்று, ஓட்டோ தங்கும் முகவரியைப் பதிவு செய்யக் காலை பத்து மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ஃபரீதாவுக்கு எடுத்த பட்டுப்புடவை பையிலேயே இருந்தது. கையெழுத்துப் போட்டதும் அப்படியே கிருஷ்ணகிரி பஸ்ஸைப் பிடித்தால் நாலு மணிக்குள் உங்கள் வாசலில் நிற்கலாம் என்று கணக்கு. ஏட்டு ஐயா நல்ல மனிதர்தான். "இந்த வெள்ளைக்காரரு எதுக்கு வந்திருக்காரு?" என்று கேட்டார். நானும் வாய் தவறி, "வேலை பாக்க வந்திருக்காருங்க" என்றேன். அதை அப்படியே எழுதிவிட்டு, "அப்ப பர்மிட் எங்க?" என்றார்.

"வேலை பாக்க வரலீங்க. வேலையைப் பாக்க வந்திருக்காரு."

"அதத்தான நானும் எழுதியிருக்கேன்?"

"நீங்க எழுதினது செய்யறதுங்க. நான் சொல்றது கண்ணால பாக்கறது."

"கண்ணால பாக்காம யாராச்சும் வேலை பாப்பாங்களா?"

மச்சான், எழுதினதை அடிக்கக் கூடாதாம், மேனேஜரே நேரில் வந்து வேறு எழுதித் தர வேண்டுமாம். மேனேஜர் பெங்களூரில். அதுவரை நான் பெஞ்சில். நடுவில் ஒரு போலீஸ்காரர் பையைத் திறந்து புடவையைப் பிரித்து, இது ஜெர்மன் சரக்கா என்று வேறு கேட்டார். தர்மாவரம் பட்டு என்றேன். நாலு மணி அடித்தபோது, அங்கே இந்நேரம் தட்டு மாற்றுவார்கள், அக்கா வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தப் போலீஸ்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். மேனேஜர் வரும்போது மணி ஏழு.

அதற்குப் பிறகும் நிம்மதி இல்லை. ஓட்டோ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்ல, நான் தமிழில் சொல்ல, தேன்கனிக்கோட்டை ஃபிட்டர் முனிவேல் ஸ்பேனரைத் திருப்பினான். செவ்வாய்க்கிழமை பதிவு விஷயமாக ஏட்டு ஐயா வந்து நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். ஓட்டோ "அரைச் சுற்று" என்றார். நான் பயத்தில் "ஒன்றரைச் சுற்று" என்று சொல்லிவிட்டேன். எண்ணெய் பீய்ச்சி அடித்தது, ஏட்டு ஐயா தொப்பி வரைக்கும். ஓட்டோ தாவிப்போய் ஒரு வால்வை மூடி, இரண்டு நட்டை இறுக்கி, ஒரு நெம்பு நெம்பினார். எல்லாம் அரை நிமிஷம். மெஷின் அதுவரை வராத சுருதியில் ஓட ஆரம்பித்தது.

"கை பட்டுச்சா?" என்றார் ஏட்டு.

"எண்ணெயில வழுக்குச்சுங்க. விழாம இருக்கப் புடிச்சிக்கிட்டாரு."

"விழறவரு வால்வ மூடிட்டுதான் விழுவாரா?" என்றவர், தொப்பியைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். அன்று பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்ததோ என்னவோ, "சரி, தடுமாறினாருன்னு வெச்சிக்கிறேன்" என்று போய்விட்டார். முனிவேல் என் காதருகே வந்து, "சார், ஒரு தடவ தடுமாறினதுக்கே மூணு நாள் வேலை முடிஞ்சிருச்சு. இன்னும் ரெண்டு தடவ தடுமாறச் சொல்லுங்க" என்றான்.

இதுதான் நடந்தது. ஓட்டோ இருபத்தெட்டாம் தேதி ஊருக்குக் கிளம்புகிறார். ஜூலை மூன்றாம் தேதி நிக்காஹுக்கு நான் இரண்டு நாள் முன்பே வந்து, பந்தல்கால் முதல் பந்தி வரை நின்று பார்த்துக்கொள்கிறேன். சம்பந்தி வீட்டாரிடமும் நானே பேசுகிறேன். இது சத்தியம். குல்ஷன் அக்காவுக்கு என் சலாம். ஃபரீதாவுக்கு மாமனின் துஆ எப்போதும் உண்டு. பிழை பொறுக்கவும்.

தங்கள் அன்பு மைத்துனன்,
ஜமீர் அகமது.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது டில்லி கடிதம் வந்துவிட்டது. ஓட்டோவுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். தேதி மே 30. எங்கள் பெங்களூர் ஆபீஸில் காலண்டருக்குப் பின்னால் சொருகியிருந்ததாம். இனிக் கை வைக்கலாம் என்று ஓட்டோவிடம் சொன்னேன். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அப்படியானால் எல்லா நட்டையும் கழற்றி முதலிலிருந்து நானே பூட்டுவேன், அப்போதுதான் கேரண்டி என்கிறார். மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை மேனேஜர் எனக்கு ஒரு நாள்கூட லீவு இல்லை என்கிறார். நிக்காஹுக்கு ஃபகருன்னிசா பிள்ளைகளோடு வருவாள், புடவை அவளிடம் இருக்கும். அக்காவிடம் இந்தப் பின்குறிப்பைக் கிழித்துவிட்டு மேலே உள்ளதை மட்டும் படித்துக் காட்டவும்.