லக்கலக் கொம்பனும் பிரஸ்நோட் நானாவும்

இலங்கையில் எது நடந்தாலும் அது பேப்பரில் வந்தால்தான் நடந்ததாக ஒப்புக்கொள்ளும் ஒரே மனிதர் எங்கள் பிரஸ்நோட் நானாதான். தன் கல்யாணம் பேப்பரில் வரவில்லை என்பதால், "எனக்கு இன்னும் முழுசா கல்யாணம் ஆகல்ல" என்று மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்லக்கூடியவர்.

அறுபதுகளில் மாத்தளை டவுனில் மிளகாய், மிளகு, கொக்கோ வாங்கி விற்கும் ஒரு கொம்பனியில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்போம். கொழும்புக்குப் போய் வந்த ஹாஜியார், பெரிய கொம்பனிகளில் எல்லாம் மக்கள் தொடர்பு அதிகாரி என்று ஒருவர் இருப்பதைக் கண்டுவிட்டு, நமக்கும் ஒருவர் வேண்டும் என்று நானாவைப் பிடித்து வந்தார். வெள்ளைச் சட்டை, சிவப்பு டை, கீழே சாரம். கழுத்தில் கொழும்பு, இடுப்பில் மாத்தளை.

வந்த அன்றே வேலை தொடங்கிவிட்டது. கொம்பனியில் புதுத் தராசு வாங்கினால் பிரஸ்நோட் என்று பேப்பருக்கு ஓர் அறிக்கை. சுவர் மணிக்கூடு பழுது பார்த்தால் அறிக்கை. சாக்கு அடுக்கியிருந்த அறையில் பூனை குட்டி போட்டபோது, "தாயும் நான்கு சேய்களும் நலம்" என்று எழுதி, கொழும்பிலுள்ள எல்லாப் பத்திரிகைகளுக்கும் வானொலிச் செய்திப் பிரிவுக்கும் என்னை டைப் அடிக்கவைத்தார். நான் காய்ச்சல் என்று லீவுக் கடிதம் கொடுத்தால் அதையும் திருத்துவார்.

"மிஸ், இப்பிடி எழுதினா யாருக்கு இரக்கம் வரும்? 'மாத்தளையின் பிரபல தட்டெழுத்தாளர் திடீர்ச் சுகவீனம்'னு போடுங்க."

"லீவு ஹாஜியார்கிட்டதானே நானா கேக்குறேன்?"

"அவரும் பேப்பர் படிக்கிற மனுஷன்தானே!"

இரண்டு வருஷத்தில் ஒரு வரிகூட எங்கும் வரவில்லை. ஒருநாள் எதிர்க்கடைக்காரரின் படம் பேப்பரில் வந்துவிட்டது. ஹாஜியார் அந்தப் பேப்பரை நானாவின் மேசையில் போட்டார்.

"நானா, இந்த மாசம் முடியிறதுக்குள்ள நம்ம கொம்பனி பேரு பேப்பர்ல வரணும். வரலைன்னா நீங்க வேற எடம் பாத்துக்கங்க."

அதே வாரம் மலைக்கு அப்பால் லக்கலப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி மிளகாய் மூட்டையைத் தலையில் சுமந்து வந்து சேர்ந்தார். வழக்கமாக லொறியில் வரும் மூட்டை அது. மழை வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டதாம். பஸ் இல்லை, லொறி இல்லை. நோயாளிகளைக் கதிரையில் உட்காரவைத்து ஆற்றைக் கடக்கிறார்களாம். மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு அந்த மனிதர் அழுதார். நானா அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"மிஸ், அடிங்க. 'லக்கல வீதியில் பஸ் மறிக்கும் இராட்சதக் கொம்பன்.'"

"அவரு பாலம்தானே சொன்னாரு? கொம்பன் யானை எங்க வந்துச்சு?"

"ஒடஞ்ச பாலத்தப் பாக்க கொழும்பிலேருந்து எவன் வருவான்? கொம்பன்னா ஓடி வருவாங்க."

ஓடித்தான் வந்தார்கள். இரண்டு நிருபர்கள், ஒரு படப்பிடிப்பாளர். ஹாஜியாரின் ஜீப்பில் ரத்தோட்டை வழியாக ஏறினோம். குறிப்பெடுக்க என்னையும் கூட்டிப்போனார் நானா. ரிவர்ஸ்டன் மலையுச்சியில் பனிமூட்டம். வழிநெடுக நானா கொம்பனின் குணநலன்களை வர்ணித்துக்கொண்டே வந்தார். மலையிறங்கி ஆற்றங்கரையில் ஜீப் நின்றது. எதிரே பாலம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு மரக்கட்டைகள் தொங்கின.

மூத்த நிருபர் சுற்றுமுற்றும் பார்த்தார். "யானை எங்க?"

"யானை அந்தப் பக்கம் இருக்குங்க," என்றார் நானா பணிவாக. "பாலம்தான் இல்ல."

நிருபர் முகம் சிவந்தது. அவர் வாய் திறப்பதற்குள் அக்கரையில் சத்தம் கேட்டது. நான்கு பேர் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். கதிரையில் நிறைமாதக் கர்ப்பிணி, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு. நடு ஆற்றில் ஒருவருக்குக் கால் வழுக்கியது, கதிரை சாய்ந்தது.

நானா சாரத்தை மடித்துக் கட்டியதை நான் பார்த்தேன். அடுத்து அவரைத் தண்ணீரில்தான் பார்த்தேன். கழுத்தளவு ஆழத்தில் கதிரைக்காலைத் தோளில் தாங்கியபடி, "மெதுவா! மெதுவா!" என்று கத்திக்கொண்டே வந்தார். டை முதுகில் ஒட்டிக்கிடந்தது. படப்பிடிப்பாளர் விடாமல் படம் எடுத்தார்.

பெண்ணை ஜீப்பில் ஏற்றினோம். மூத்த நிருபர் கோபத்தை மறந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "உங்க கொம்பனி பேரு சொல்லுங்க, போட்டுருவோம்."

மாதம் முடிய மூன்றே நாள். நானா நனைந்த தலையை மறுப்பாக ஆட்டினார்.

"எங்க பேரப் போட்டா இது வெளம்பரமாப் போயிரும். கெராமத்துப் பேரப் போடுங்க. பாலத்தப் போடுங்க."

"நானா! ஹாஜியார்..." என்றேன்.

"மிஸ், நீங்க ஜீப்ல ஏறுங்க. அந்தப் புள்ளைக்குக் கையப் புடிச்சிக்க ஆள் வேணும்."

நிருபர்கள் மலையேறி நடந்துதான் பஸ் பிடித்தார்கள். மாத்தளை ஆஸ்பத்திரியில் அன்று மாலை பெண்குழந்தை பிறந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் பக்கத்தில் பெரிய படம்: ஆறு, கதிரை, நானாவின் முதுகு. வானொலியிலும் வாசித்தார்கள். கொம்பனி பெயர் எங்கும் இல்லை.

திங்கட்கிழமை நானா தானாகவே கடிதத்தை நீட்டினார். தலைப்பு: "மக்கள் தொடர்பு அதிகாரி பதவி விலகினார்." ஹாஜியார் அதை வாங்கி மேசை லாச்சியில் போட்டுப் பூட்டினார். "மாசம் முடியட்டும்" என்றார். மாதம் முடிந்தது. லாச்சி திறக்கவில்லை.

சில வாரங்களில் அரசாங்க ஆட்கள் வந்து பாலம் போட்டார்கள். முதல் லொறியில் மிளகாய் மூட்டைகளோடு வந்து இறங்கிய கூட்டம், எதிர்க்கடையைத் திரும்பியும் பார்க்காமல் நேரே எங்கள் கடைக்குள் நுழைந்தது. "டை மாத்தயா எங்க?" என்று, டை கட்டிய ஐயாவான நானாவைத் தேடியது. சாக்கு வைக்க இடமில்லை. பூனைக் குடும்பம் என் மேசைக்கடியில் குடியேறியது. அன்றுதான் ஹாஜியார் லாச்சியைத் திறந்து கடிதத்தை எடுத்தார்.

"இதப் பேப்பருக்கும் அனுப்பிட்டீங்களா நானா?"

"அன்னைக்கே அனுப்பிட்டேன் ஹாஜியார்."

"அல்லாவே! வந்துருமா?"

"நான் அனுப்பினது எது வந்திச்சு, இது வர்றதுக்கு?"

ஹாஜியார் சிரித்துச் சிரித்துக் கடிதத்தை நாலாகக் கிழித்தார்.

எழுபதுகள் முடியும் நேரம் கொழும்பில் டெலிவிஷன் தொடங்கியது. கொம்பனைத் தேடி வந்த அந்த மூத்த நிருபர், அதில் செய்திப் பிரிவுக்குப் பெரியவராகி, மக்கள் தொடர்பு அதிகாரி வேண்டும் என்று நானாவுக்கே ஆள் அனுப்பினார். "என்னை ஏமாத்தி மலையேற வச்ச மனுஷன் வேற யாரு?" என்றாராம். மாத்தளை ஸ்டேஷனில் கொம்பனி முழுவதும் நின்றது. லக்கலயிலிருந்தும் ஒரு லொறி ஆட்கள் வந்திருந்தார்கள். முதல்முறையாகக் காற்சட்டை அணிந்திருந்த நானா, மந்திரி மாதிரி ஜன்னலில் கையசைத்துக்கொண்டே போனார்.

கொம்பனிக் கந்தோருக்குத் திரும்பி டைப் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தேன். மாலைவரை ஒரு வரிகூட அடிக்கவில்லை. ஹாஜியாரும் ஏன் என்று கேட்கவில்லை.