மேசைதான் சரிவு

உலகத்தில் எத்தனையோ ரகம் மனிதர்கள் உண்டு. பேசிக்கொண்டே இருப்பவர், பேசவே விடாதவர், தூங்கிக்கொண்டே தலையாட்டுபவர். எல்லோரையும் பொறுத்துக்கொள்வேன். என்னால் சிரிக்காமல் பார்க்க முடியாத ரகம் ஒன்றுதான்: திரும்பி வந்தவர். கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தவரைச் சொல்லவில்லை. ஒரு காலத்தில் ஒரு ஆட்டம் ஆடி, கல்யாணம், வேலை, பிள்ளை, தொப்பை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் அதை விட்டுவிட்டு, பல வருஷம் கழித்து ஒரு சாயங்காலம், பாதி ஆட்டத்தில் தேநீர் குடிக்க எழுந்து போனவர் மாதிரி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவாரே, அவரைச் சொல்கிறேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நான் உட்கார்ந்திருக்கிற இடம் அப்படி. பச்சைத் துணி போர்த்திய மேசையில் கோலால் பந்தைத் தட்டிக் குழியில் தள்ளுகிற பூல் டேபிள் கூடம் என் வீட்டுக்காரர் ஆரம்பித்தது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு கல்லாவில் நான். எனக்கு ஆடவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. கண் நன்றாகத் தெரியும். இந்த ரகத்தைப் பார்க்க அது போதும்.

திரும்பி வந்தவர் நேராக உள்ளே வரமாட்டார். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சுவார். "அதே வாசனை" என்பார். அது போன வாரம் அடித்த பெயிண்ட் வாசனை. பிறகு தன்னை யாராவது அடையாளம் கண்டுகொள்கிறார்களா என்று சுற்றிலும் பார்ப்பார். ஆடிக்கொண்டிருக்கிறவர்களுக்குப் பந்து முக்கியம்; இவர் யார்? கடைசியில் என்னிடம் வந்து, "தெரியுதா?" என்பார். தெரியவில்லை என்று சொல்லிப் பாருங்கள். பல் பிடுங்கின முகம் ஆகிவிடும்.

அடுத்து கோல் எடுக்கிற வைபவம். ஒன்றை எடுத்துத் துப்பாக்கி மாதிரி ஒரு கண்ணை மூடிக் குறி பார்ப்பார், மேசைமேல் உருட்டுவார், உதட்டைப் பிதுக்குவார், வைத்துவிடுவார். இன்னொன்று. அதுவும் ஆகாது. இருக்கிற கோலையெல்லாம் கலைத்துவிட்டு முதலில் வைத்ததையே எடுத்து, "இதான் கைக்கு நிக்குது" என்பார். அப்புறம் அதன் நுனிக்கு நீலச் சாக்கட்டி தடவ ஆரம்பித்தால், குழந்தையின் சிரங்குக்கு மருந்து போடுகிற பொறுமை. தடவி ஊதி, ஊதித் தடவி, விரலெல்லாம் நீலம், சட்டையெல்லாம் நீலம்.

எல்லாம் சரி. குனியணுமே?

அங்கேதான் உண்மை வெளியே வரும். அந்தக் காலத்தில் தாடை கோலைத் தொடும். இந்தக் காலத்தில் தாடை வருவதற்கு முன்னால் வயிறு மேசைக்கு வந்துவிடுகிறது. ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு அடிப்பார். பந்து குழியைத் தவிர எல்லா இடத்துக்கும் போகும். நிமிரும்போது "அம்மாடி" என்று ஒரு சத்தம். உடனே காரணங்கள். வெளிச்சம் கண்ணைக் கூசுது. துணி புதுசு, ஓட்டமே இல்ல. ஒருத்தர் சொன்னார்: "பந்தெல்லாம் இப்ப சின்னதா வருதோ?"

"பந்து அப்படியேதான் இருக்கு. நீதான் பெருத்துட்ட" என்றேன்.

இந்த ரகத்துக்கே ராஜா ஒருவர் வந்தார். பட்டப்பெயர் கழுகு. அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் எங்கள் கொக்கி வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். சுவரில் வரிசையாகச் சில கொக்கிகள். நன்றாக ஆடுகிறவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. சொந்தக் கோலை அதில் மாட்டிக்கொள்ளலாம். யாருடையது என்று எனக்குத் தெரிய வேண்டுமே என்று என் வீட்டுக்காரர் மேலே பேர் எழுதாமல் படம் வரைந்தார். ஆள் வராமல் போனால் காலியாக இருக்கிற கொக்கியை யாரும் எடுத்துக்கொள்ளலாம். பழைய ஆள் திரும்பி வந்து கேட்டால், இரண்டு பேரும் ஒரு ஆட்டம். ஜெயித்தவருக்குக் கொக்கி. தோற்றவர் படம் அழியும், மறுபேச்சு கிடையாது.

ஜன்னலோரக் கொக்கிக்கு மேலே இருந்தது கழுகின் படம். கழுகு என்று என் வீட்டுக்காரர்தான் சொன்னார். பார்க்கிறவர்களுக்கு அது அடைகாக்கிற கோழி.

கழுகுக்கு நில அளவை ஆபீஸில் உத்தியோகம். ஆள் வந்து கொக்கியைப் பார்த்தார். அங்கே வேறு கோல் தொங்கியது. "அண்ணி, யாரோடது இது?" என்றார். என் வீட்டுக்காரரை அண்ணே என்று கூப்பிட்டவர், அதனால் நான் அண்ணி.

"நர்ஸ் பொண்ணோடது. டியூட்டி முடிஞ்சு வந்து ஆடும்."

"பொண்ணா?"

"ஏன், பந்துக்கு மீசை கேக்குதா?"

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் விஷயம் அப்புறம்தான் புரிந்தது. ஆபீஸில் நேற்று வந்த பயல் இவருக்கு மேலதிகாரி. வீட்டில் வாசல் பலகையில் இருப்பது மாமனார் பேர். மனிதருக்கு இந்தப் பூமியில் தன்னுடையது என்று மிச்சம் இருந்தது அந்த ஒரு கொக்கிதான். கல்யாணமான நாள் முதல் மனைவியிடம் அதைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்: குழம்பில் உப்பு கூடினாலும் கொக்கிக் கதை, டிவியில் எவனாவது பந்து எறிந்தாலும் கொக்கிக் கதை. "அடுத்த ஞாயித்துக்கிழமை ஆடறேன். அவளையும் கூட்டிட்டு வரேன், பாக்கட்டும்" என்றார்.

அந்த வாரம் முழுக்க பழக்கம் பிடிக்க வந்தார். பந்து விழவில்லை. இரண்டாம் நாள் கண்டுபிடித்துவிட்டார்: மேசை சரிவு.

"அண்ணி, ஜன்னல் மூலை தாழ்ந்திருக்கு. நிலத்த அளக்கறவன் நான், என் கண்ணுக்குத் தெரியாதா?"

மறுநாள் ஆபீஸிலிருந்து மட்டம் பார்க்கிற ரசமட்டம் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். கண்ணாடிக்குள் குமிழி நட்டநடுவில் போய் நின்றுகொண்டது, அசையவே இல்லை. அவர் அதையே வெகுநேரம் பார்த்தார். திருப்பி வைத்தார். மறுபடியும் நடுவில். பிறகு ரசமட்டத்தை உறைக்குள் போட்டு ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, "இந்தக் கருவி கெட்டுப்போச்சு" என்றார்.

அதோடு விட்டாரா? உடைந்த நாற்காலியிலிருந்து பலகைத் துண்டு ஒன்றைப் பெயர்த்து, ஆடிக்கொண்டிருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு, மூலையைத் தூக்கச் சொல்லி, ஜன்னல் பக்கக் காலுக்கு அடியில் அதைச் செருகினார். அந்த மேசை யானைக் கனம். தூக்கினவர்களில் ஒருவர் இன்னும் இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் நடக்கிறார். "இப்பதான் மட்டம்" என்றார் கழுகு, கையைத் தட்டிக்கொண்டே. நான் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். பந்தயத்துக்கு வந்த மனிதர் தன் கையாலேயே தன் மேசையைக் கெடுத்துக்கொள்வதை இலவசமாகப் பார்க்கக் கிடைக்கிறது. நான் என்ன சாமியாரா?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கழுகு இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். பக்கத்தில் மனைவி. தபால் ஆபீஸில் முத்திரை குத்துகிற வேலை. வந்ததும் கொக்கியைத்தான் தேடினாள்.

"இதாங்க்கா, இவர் சொல்ற கழுகு?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"இதேதான்."

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நல்ல பெண்.

நர்ஸ் பெண் யூனிஃபார்மோடு வந்தாள். "வாங்கண்ணா, ஆரம்பிக்கலாமா? எனக்குத் தூக்கம் வருது" என்றாள். அவள் ஊசி போடுகிற மாதிரிதான் ஆடுவாள். குறி பார், குத்து, அடுத்த ஆள். தயவு தாட்சண்யம் கிடையாது. அவள் அடிக்கிற அடிக்கு மேசை சாய்ந்தால் என்ன, கவிழ்ந்தால் என்ன?

அன்றைக்கு அவளுக்கு அசதி. சில பந்துகள் குழியின் ஓரத்தில் இடித்துத் திரும்பின. கழுகுக்கோ யோகம், எதையோ அடித்தால் எதுவோ விழுந்தது. ஒவ்வொன்று விழும்போதும் அவர் மனைவியைப் பார்ப்பார். அவள் தலையை ஆட்டுவாள். கடைசியில் நர்ஸ் பெண்ணுக்கு ஒரு பந்து பாக்கி. கழுகுக்குத் தன் பந்தெல்லாம் முடிந்து, கடைசியில் போட வேண்டிய கறுப்புப் பந்து மட்டும் பாக்கி. அதைப் போட்டால் ஆட்டம் அவருடையது, கொக்கி அவருடையது, கல்யாண நாள் முதல் சொன்ன கதை அத்தனையும் நிஜம். கறுப்பு எங்கே நின்றது? ஜன்னல் மூலைக் குழிக்கு நேராக, ஒரு முழ தூரத்தில். கண்ணை மூடிக்கொண்டு நான் கோலால் தள்ளினாலும் விழும்.

ஆனால் மனைவி பார்க்கிறாளே. தட்டிவிட்டால் போதுமா? அழகாகப் போட வேண்டாமா? கழுகு குனிந்தார். மூச்சை அடக்கினார். தூங்குகிற பிள்ளையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி வெள்ளைப் பந்தைத் தொட்டார். அது போய்க் கறுப்பைத் தொட்டது. கறுப்பு நகர்ந்தது. பந்தை விட்டுவிட்டு அவர் அப்போதே மனைவியைப் பார்த்துச் சிரித்தார். பந்து குழியின் வாய் வரைக்கும் போனது, நின்றது, யோசித்தது. அப்புறம் வந்த வழியே மெதுவாகத் திரும்பி உருள ஆரம்பித்தது.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அழப் போகிறார் என்று நினைத்தேன். நடந்ததோ வேறு. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"பாத்தியா? பாத்தியா? மேசை சரிவு. நான் சொல்லல? ஒருத்தரும் நம்பலியே. இப்ப என்ன சொல்றீங்க அண்ணி?"

அவர் மனைவிதான் கேட்டாள், எந்தக் கள்ளமும் இல்லாமல்: "ஏங்க, அந்த மூலையத்தான் சரி பண்ணிட்டேன்னு வீட்டுல சொன்னீங்களே?"

மலர்ந்த முகம் அப்படியே நின்றது. காலுக்கு அடியில் இருந்த பலகைத் துண்டை அப்போதுதான் அவர் கண் போய்த் தொட்டது. ரசமட்டத்தைப் பார்த்த அதே பார்வை. அதற்குள் நர்ஸ் பெண் தன் கடைசிப் பந்தையும் கறுப்பையும் படார் படாரென்று உள்ளே தள்ளிவிட்டு, கோலைக் கொண்டுபோய் ஜன்னலோரக் கொக்கியில் மாட்டினாள்.

"அண்ணி," என்றார் கழுகு, குரல் இறங்கி, "படத்த மட்டும் அழிச்சிடாதீங்க."

வழக்கம் வழக்கம்தான். நான் நர்ஸ் பெண்ணிடம் கேட்டேன்: "உனக்கு என்ன படம் போடணும்?"

அவள் கொட்டாவி விட்டுக்கொண்டே மேலே பார்த்தாள். "எதுக்குப் பெரியம்மா அழிச்சிக்கிட்டு? இருக்கட்டும். கோழி நல்லாத்தான் இருக்கு."

தபால் ஆபீஸ்காரிக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போனாள். தோள் குலுங்கியது உள்ளே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. கழுகு, இனி அவரை அப்படிச் சொல்ல முடியாது, அளவைக்காரர் என்று வைத்துக்கொள்வோம், நீல விரல்களைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனார். மறுநாள் மட்டும் ஒருமுறை வந்தார். ஆடுவதற்கு இல்லை, ரசமட்டத்தை இங்கே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் கோலையே தொட்டதில்லை, இது உங்களைப் பற்றி இல்லை, அப்படித்தானே? பரணில் கிடக்கிற அந்தப் புல்லாங்குழலை இறக்கி ஊதிப் பார்த்துவிட்டு, "காத்து சரியில்ல" என்று சொன்னது யார்? நின்றுபோன சைக்கிளை எடுத்து ஒரு தெரு போய்விட்டு, சாலை போட்டவனைத் திட்டியது யார்? எனக்கென்ன தெரியும். ஆனால் என்றைக்காவது ஒரு சாயங்காலம் உங்களுக்கும் கை அரிக்கும். கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, வாசனை பிடித்து, "தெரியுதா?" என்பீர்கள். அந்தப் பலகைத் துண்டைத் தூக்கிப் போடவில்லை, கல்லாவுக்குள்தான் வைத்திருக்கிறேன். மேசை சரிவு என்று நீங்கள் வாயெடுக்கும் முன்பே எடுத்து நீட்டுவேன். எந்தக் காலுக்கு அடியில் வைப்பது என்பதை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.