முருகன் படத்தின் வழியே நுழைந்தவள்

மேனேஜர் சார், என் மானம் கப்பலேறியதற்கு நீங்கள்தான் காரணம். சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது.

அகரம் போகும் வழியில் உள்ள நம் நூற்பாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அப்போது எனக்கிருந்த திமிருக்கு அளவே இல்லை. யாரும் பென் டிரைவ் சொருக முடியாது, திரையில் நடிகர் படம் வைக்க முடியாது, வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் அனுமதி என்று எல்லாவற்றையும் கட்டிப்போட்டிருந்தேன். (திண்டுக்கல்காரிக்குப் பூட்டுப் போடச் சொல்லித்தர வேண்டுமா என்று வீட்டில் பீற்றல் வேறு.)

ஒருநாள் கூப்பிட்டீர்கள்.

“ஏம்மா, ஷிப்ட் மாறுறப்பல்லாம் எல்லாக் கம்ப்யூட்டர்லயும் முருகன் படம் வரணும்.”

“சாதாரண அனுமதில ஓடாது சார். அட்மின் அதிகாரம் குடுக்கணும்.”

“சாமி படத்துக்குப் போயி என்னம்மா அதிகாரம், அனுமதின்னுட்டு? குடுத்து விடும்மா!”

கொடுத்தேன். படம் மாற்றும் சின்ன நிரல் ஒன்று எழுதி, சர்வர் உட்பட எல்லா இடத்திலும் அதற்கு அட்மின் அதிகாரம். எதையும் திறக்கலாம், எதையும் அழிக்கலாம். அதோடு விட்டார்களா? ஸ்டோரில் அம்மன் கேட்டார்கள். கணக்குப் பிரிவு காதர் பாய், “எனக்கு ஒரு ரோசாப்பூ போதும்மா” என்றார். லாரி எடைமேடைக்காரருக்கு ஜல்லிக்கட்டுக் காளை. போன் எடுத்தே காது சூடாகி, படங்கள் இருந்த ஃபோல்டரை எல்லோருக்கும் திறந்துவிட்டேன். இஷ்டம்போல மாற்றிக்கொள்ளட்டும். நிரலும் அதே ஃபோல்டரில்தான் கிடந்தது. (என் மூளையும் அங்கேதான் கிடந்திருக்க வேண்டும்.)

அப்போது பார்த்து, நம் நூலை வாங்கும் திருப்பூர்க் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. வெளியாளை அனுப்பி நம் கம்ப்யூட்டர்களைச் சோதிப்பார்கள். தேறினால்தான் நூல் ஆர்டர். ஆர்டர் போனால் பாதி மில் மூடும். அதற்கு முன்பே என் வேலை போகும்.

சோதிக்க வந்தவள் பேகம்பூர் நஸ்ரின். காலேஜ் வாசனை இன்னும் போகாத முகம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “எம்புட்டு நேரம் வேணும்னாலும் எடுத்துக்க தாயி, ஒண்ணும் சிக்காது” என்று உங்கள் முன்னாலேயே சவால் விட்டேன்.

அவள் எடைமேடைக் கம்ப்யூட்டரைக் கேட்டாள். லாரி எடையைப் பதிவதைத் தவிர வேறெதற்கும் அனுமதியில்லாத ஏழைக் கம்ப்யூட்டர் அது. திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

“அக்கா, இந்த மாட்ட யாரு வச்சா?”

“எடைமேடைக்காரருதான்.”

“அவரால மாத்த முடியுதா?”

ஃபோல்டருக்குள் போனாள். நிரலைத் திறந்து ஒரே ஒரு வரி சேர்த்தாள்: எடைமேடைக்கும் அட்மின் அதிகாரம் கொடு. பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“அம்புட்டுதானா?” என்றேன்.

“அம்புட்டுதான்க்கா. மிச்சத்த உங்க முருகன் பாத்துக்கிருவாரு.”

மில் சங்கு ஊதியது. ஷிப்ட் மாறியது. வழக்கம்போல நிரல் ஓடியது. அவ்வளவுதான், அட்மின் பட்டியலில் எடைமேடை ஏறி உட்கார்ந்திருந்தது. லாரிப் புழுதி படிந்த அந்தக் கீபோர்டிலிருந்து சர்வர் திறந்தது. சம்பளம், வங்கிக் கணக்கு, உங்கள் மெயில் எல்லாம் ‘வாங்க வாங்க’ என்று நின்றன. அவள் எதையும் உடைக்கவில்லை, எதையும் எடுக்கவில்லை. ஊசிக் காதில் நூல் போவதுபோலப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை வருடம் நான் கட்டிய கோட்டையை ஒரே வரியில் கடந்தவளை வாய் பிளந்து பார்த்தபடி, வெட்கங்கெட்டுக் கை தட்டிவிட்டேன்.

அடையாளத்துக்கு ஒன்றே ஒன்று செய்தாள். நீங்கள் அறையிலிருந்து வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தீர்கள்.

“ஏம்மா, முருகன எங்கம்மா? ரோசாப்பூ வந்துருக்கு!”

மில் முழுக்க ரோஜாப்பூ. காதர் பாய் ஒருத்தர்தான் சந்தோஷமாக இருந்தார்.

“ஒரு வாரம் தாரேன்க்கா. அதிகாரத்தோட ஓடுறத, கண்டவங்க கை படுற எடத்துல வைக்காதீங்க” என்றாள் நஸ்ரின். நிரலைத் தனியே பூட்டினேன், எடைமேடையிடமிருந்து அதிகாரத்தைப் பிடுங்கினேன். மறுபடி வந்து எல்லாப் பக்கமும் முட்டிப் பார்த்தாள். நுழைய முடியவில்லை. ஆர்டர் தப்பியது, என் வேலையும் தப்பியது. மானம்தான் தப்பவில்லை. இன்றும் வீட்டில் நான் எதையாவது பீற்றினால், என் வீட்டுக்காரர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடத்தில் ஓடிக் காட்டுகிறார். பிள்ளைகள் உருண்டு சிரிக்கின்றன.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் நேற்று போன் செய்தீர்களே? புதுக் கேமரா மென்பொருள் ஓடவில்லையாம், எல்லோருக்கும் அட்மின் அதிகாரம் கொடுக்க வேண்டுமாம், “செத்த நேரத்துக்குத்தாம்மா.” இந்தத் தடவை போன் பேச்சு வேண்டாம் சார். மில் வாட்ஸ்அப் குரூப்பில், வாட்ச்மேன் முதல் முதலாளி வரை அத்தனை பேரும் பார்க்க, உங்கள் பெயரில் பதில் போடுங்கள்: கொடுக்கவா, வேண்டாமா?