ஃபைன் என்ற ஒரே சொல்லால் நான் சம்பந்திகளை வென்ற விவரம்

பேரன்புக்கும் பெருங்கோபத்துக்கும் உரிய யூச்சின் அக்காவுக்கு, லான்ச்சோ நகரத்து நூடுல்ஸ் கடையிலிருந்து தம்பி பாய் யொங்ஷெங் தலை தாழ்த்தி எழுதிக்கொண்டது.

நான் ஃபைன். நன்றி. நீ எப்படி? இங்கிலீஷில் நலம் கேட்டால் இந்த மூன்றையும் இதே வரிசையில்தான் சொல்ல வேண்டும் என்பது நம் நாட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த எல்லோருக்கும் தெரியும். அத்தான் நலமா? பேரி மரங்கள் நலமா? போன தடவை நான் வந்தபோது நீ அவிழ்த்துவிட்டாயே, அந்த நாய் நலமா? என் கால்சட்டை ஒன்றைத் தவிர இங்கே எல்லோரும் சௌக்கியம்.

கைபேசியில் என் எண்ணை நீ அடைத்து வைத்திருப்பதால்தான் இந்தக் காலத்தில் கடிதம் எழுத வேண்டி வந்தது. கூரியர் கடையில் விசாரித்தால், "கடுதாசியா? உள்ள வேற ஒண்ணுமே இல்லயா?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். நீ என்னை அடைத்தாலும் நான் உன்னை அடைக்கவில்லை. கடைச் சுவரில், விலைப் பலகைக்குப் பக்கத்தில், உன் படம் இன்னும் தொங்குகிறது. உன் வீட்டு முற்றத்தில், பூத்துக் குலுங்கும் பேரி மரத்தடியில், இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நிற்கிறாயே, அந்தப் படம். அதைப் பார்த்த பிறகு யாரும் கிண்ணத்தில் மிச்சம் வைப்பதில்லை.

புத்தாண்டு விருந்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டாய். என் மகள் ஜிங்வென் நியூசிலாந்துப் பையன் டங்கனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள், அவனுடைய அப்பாவும் அம்மாவும் சம்பந்தம் பேச வருகிறார்கள் என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், "நீயா பேசப்போற? இங்கிலீஷ் பரீட்சையன்னிக்கு வயித்துவலின்னு சுருண்டு படுத்தவன்தானடா நீ! அவங்க ஆட்டுப் பண்ணைக்காரங்க. உன்னையும் ஓட்டிட்டுப் போய் மந்தையில சேத்துடுவாங்க. கல்யாணத்தக் கடல் தாண்டி அவங்க பண்ணையிலதான் வெப்பாங்க, பாத்துக்கோ" என்றாய். நான் எதிர்த்துப் பேசியதும் சாப்பாட்டுக் குச்சிகளை மேசையில் அறைந்து சபதம் போட்டாய்: "அவங்க உன்னோட நேருக்கு நேர் பேசி, நம்ம மண்ணுல கல்யாணம் வெக்க ஒத்துக்கிட்டாங்கன்னா, வர்ற அத்தன பேருக்கும் நானே சமைச்சுப் போடுறேன். இல்லேன்னா என் வாசப்படிய விட்டு ஒரு அடி நகர மாட்டேன்!" அத்தான் சாட்சி. நாயும் இருந்தது.

அக்கா, சிரிப்பை விட்டு ஒரு வார்த்தை சொல்கிறேன். அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள் நீ. நீ வந்து நிற்காமல் என் ஒரே பெண்ணுக்கு ஒரு கல்யாணமா? அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியாவது கல்யாணத்தை இங்கே நடத்தி உன்னை வரவழைப்பது என்று முடிவு கட்டினேன். கையில் இருந்த ஆயுதம் ஒன்றே ஒன்று. ஃபைன்.

விமான நிலையத்திலேயே வேலை ஆரம்பமாகிவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா மர்ரே நம் குளியலறைக் கதவு உயரம். அம்மா ஹெதர் சிவந்த கன்னமும் சிரித்த முகமுமாக, பெட்டிகள் அடுக்கிய தள்ளுவண்டியை ஓட்டிக்கொண்டு வந்தவர், என்னைப் பார்த்த சந்தோஷத்தில் அதை என் பாதத்தின் மேலேயே ஏற்றிவிட்டார். பதறிப்போய் ஏதோ கேட்டார். நான் ஒற்றைக் காலில் நின்றபடி, கண்ணில் நீர் முட்ட, "ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ?" என்றேன். அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கால் நசுங்கியும் நலம் விசாரிக்கிற மனுஷனை அவர் அங்கே பார்த்ததில்லை போலிருக்கிறது. முதல் சுற்று எனக்கு.

இரண்டாவது சுற்று சாப்பாட்டு மேசையில். உன் தம்பி பெண்டாட்டி ஃபெங்ஷியா ஆட்டிறைச்சி, லில்லிக்கிழங்கு வறுவல், மாட்டிறைச்சி நூடுல்ஸ் என்று மேசை தெரியாமல் நிரப்பிவிட்டாள். ஹெதர் ஒரு கிண்ணம் முடித்ததும் ஃபெங்ஷியா அடுத்த கரண்டியைத் தூக்கினாள். அவர் "ஐயாம் ஃபைன்" என்றார். அடடா, நல்லா இருக்கிறதாம், போடு என்றேன். போட்டாள். பண்ணை வீட்டுக்காரர்கள் தட்டில் மிச்சம் வைக்கமாட்டார்கள் போல, அதையும் முடித்தார். மறுபடியும் "ஃபைன், ஃபைன்" என்றார். மறுபடியும் போட்டாள். எவ்வளவு நாகரிகமான சம்பந்தி, நம் ஊர்க்காரர்கள் மாதிரி பசியை வைத்துக்கொண்டு மூன்று தடவை வேண்டாம் வேண்டாம் என்று நடிக்காமல், நல்லா இருக்கு நல்லா இருக்கு என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாரே என்று நான் பூரித்துப்போயிருந்தபோது, மாப்பிள்ளையோடு அடுத்த மேசையிலிருந்து எழுந்துவந்த ஜிங்வென் அலறினாள். "அப்பா! அவங்க நல்லாருக்கு போடுன்னு சொல்லல. போதும், வேணாம்னு கெஞ்சுறாங்க!" "நல்லாருக்குன்னு சொல்லி வேணாம்பாங்களா? இது என்ன பாஷை?" என்றேன். "நாம மட்டும் என்னவாம்? வயிறு ரொம்புனா 'நல்லாச்சு, நல்லாச்சு'ன்னுதானே கிண்ணத்த மூடுறோம்?" என்றாள். அட ஆமாம்! இங்கிலீஷ் நம்மிடமிருந்துதான் போயிருக்க வேண்டும். ஹெதர் அன்று நாற்காலியிலிருந்து எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

அடுத்த நாள் மர்ரேயை மஞ்சள் ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனேன். மனுஷனுக்கு மீன் பிடிப்பது என்றால் உயிர். மடக்குத் தூண்டில் எப்போதும் பைக்குள் இருக்கிறது. கரையில் ஒரு சிவப்புப் பலகை. மேலே நம் எழுத்து இருந்த இடத்தில் எவனோ 'சாக்கடை அடைப்பு எடுக்கப்படும்' விளம்பரத்தை ஒட்டி மறைத்திருந்தான். கீழே இங்கிலீஷ். அந்தக் கும்பலுக்குள் எனக்கு ஒரே ஒரு தெரிந்த முகம், ஃபைன். மர்ரே படிக்கும் கண்ணாடியை அறையில் விட்டுவிட்டு வந்திருந்ததால் என்னைத்தான் பார்த்தார். நான் பலகையைத் தட்டி "ஃபைன்! ஃபைன்!" என்று உறுதி கொடுத்தேன். அவர் தூண்டிலை வீசினார். மீன் வருவதற்கு முன் காவலாளி வந்துவிட்டார். "கண்ணு தெரியல? இங்க மீன் புடிக்கக் கூடாது!" என்று அந்த விளம்பரத்தைச் சரக்கென்று கிழித்தார். அடியில் நம் எழுத்தில் 'அபராதம்' என்று கொட்டை கொட்டையாக இருந்தது. நலம், போதும், அபராதம், எல்லாம் ஒரே சொல்லாம். வெள்ளைக்காரன் இவ்வளவு சிக்கனமாக இருப்பான் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் அங்கேதான் பார், நம் வளர்ப்பு கை கொடுத்தது. மர்ரே பணப்பையை எடுத்தார். விருந்தாளி பணம் கொடுத்தால் நம் பாய் குடும்பத்துக்கு என்ன மரியாதை? நான் அவர் கையைப் பிடித்துத் தள்ளினேன். அவர் என்னைத் தள்ளினார். நான் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முதுகுக்குப் பின்னாலிருந்து கைபேசியை நீட்டி அபராதத்தைக் கட்டிவிட்டேன். காவலாளி வாயைப் பிளந்தார். "ஓட்டல்ல பில்லுக்கு அடிச்சுக்குவாங்க, பாத்திருக்கேன். அபராதத்துக்கு அடிச்சுக்கிட்டவங்கள இன்னிக்குத்தான்யா பாக்குறேன்." மர்ரே புல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் முதுகில் ஓர் அறை விட்டார் பார், இன்னும் வலிக்கிறது. அது நட்பு.

ஆனால் கல்யாண விஷயம் மட்டும் நகரவில்லை. ஹெதர் பண்ணையில் கல்யாணக் கூடாரத்துக்கே சொல்லிவைத்துவிட்டாராம். அன்று சாயங்காலம் ஜிங்வென்னும் டங்கனும் மாடியில் இதைப் பற்றிக் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஜிங்வென் "ஃபைன்!" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். ஆஹா, முடிந்தது என்று நான் ஓடிப்போய் மாப்பிள்ளையின் கையைக் குலுக்கினேன். அவன் அழுதுவிடுவான் போல நின்றான். ஃபெங்ஷியா கீழேயிருந்து கத்தினாள்: "ஏங்க, கதவு சாத்துன சத்தம் காதுல விழலயா? இங்கிலீஷ் தெரியாத எனக்கே புரியுது, உங்களுக்கு என்ன?" அப்புறம்தான் ஜிங்வென் பாடம் நடத்தினாள். "வாயத் தொறந்து சொன்னா சம்மதம்ப்பா. பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொன்னா சண்டை." இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள் அக்கா, பின்னால் உதவும்.

மறுநாள் காலை. ஜிங்வென் அறையை விட்டு வரவில்லை. ஹெதர் விடுதியில் வயிற்றுக்கு வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்க்க நாதியில்லை. நான் கடையில் மாவை அடித்துக்கொண்டிருந்தபோது மர்ரே தனியாக உள்ளே வந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். அவருக்கும் முகம் சரியில்லை. பேச வழியில்லாததால் நான் மாவை நூடுல்ஸாக இழுத்தேன். முதலில் இடுப்புவார் அகலம். மடித்து இழுத்தேன், வெங்காயத்தாள் அகலம். மறுபடி, மறுபடி, கடைசியில் தலைமுடி போல. மர்ரே எழுந்து வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு ஓர் இழையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெதுவாக உருட்டினார். அக்கா, நான் மாவை எப்படிப் பார்ப்பேனோ, அச்சு அசல் அப்படியே! பிறகு சட்டைப்பையிலிருந்து தன் ஆட்டின் ரோமக் கற்றை ஒன்றை எடுத்து, அதில் ஓர் இழையைப் பிரித்து, என் நூடுல்ஸுக்குப் பக்கத்தில் வைத்து, தாழ்ந்த குரலில் "ஃபைன்" என்றார்.

அது நலம் இல்லை, போதும் இல்லை, அபராதம் இல்லை, சண்டையும் இல்லை. மெல்லியது என்று அர்த்தம். யாரும் சொல்லித் தராமல் என் விரலுக்கே புரிந்தது. நான் அவருடைய ரோமத்தை உருட்டிப் பார்த்து "ஃபைன்" என்றேன். அவர் என் இழையைக் காட்டி "சூப்பர்ஃபைன்" என்றார். ஆயுசு பூராவும் அந்த மனுஷன் ஆட்டு ரோமத்தில் தேடியதைத்தான் நான் மாவில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கும்தான். அடுப்பில் மிளகாய் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு மர்ரே கடையைச் சுற்றிப் பார்த்தார். விறுவிறுவென்று நடந்துபோய் விலைப் பலகைப் பக்கம் சுவரில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். என்னைத் திரும்பிப் பார்த்து, "வெட்டிங்... ஹியர்... ஃபைன்?" என்றார்.

அக்கா! வெட்டிங் என்றால் கல்யாணம், ஹியர் என்றால் இங்கே. இந்த இரண்டையும் ஜிங்வென் வாயில் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தேன். நான் பல் ஒன்றோடொன்று ஒட்டாமல், வாயை ஆவென்று திறந்து, தெருமுனை வரை கேட்கும்படி "ஃபைன்!" என்றேன். உடனே ஹெதருக்குப் போன் போட்டார். அந்த அம்மாள் வயிற்றுவலியை மறந்து ஓடிவந்து ஃபெங்ஷியாவைக் கட்டிக்கொண்டு அழுதார். கூடாரம் ரத்து. கதவு திறந்தது. ஜிங்வென் டங்கன் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். கல்யாணம் நம் மண்ணில்தான்! தேதி மட்டும் பேரிப்பழம் பழுக்கிற மாதத்தில்தான் வேண்டும் என்று ஹெதர் ஒரே பிடியாக நிற்கிறார். அவர்கள் ஊரில் அப்படி ஒரு சகுனம் போலிருக்கிறது. போகட்டும்.

ஆகவே அக்கா, யார் ஜெயித்தது? நேருக்கு நேர் பேசினேனா இல்லையா? மந்தையில் சேர்க்க வந்தவர்களை என் பக்கம் ஓட்டிவந்தேனா இல்லையா? பரீட்சையன்று எனக்கு வந்தது நிஜமான வயிற்றுவலி என்பதை இப்போதாவது ஒப்புக்கொள். சபதப்படி அத்தனை பேருக்கும் நீதான் சமைக்க வேண்டும். ஆனால் ஜெயித்தவனுக்குப் பெருந்தன்மை வேண்டாமா? என் கடைக்கு எதிரிலேயே மண்டபம் பார்த்துவிட்டேன், சமையல்காரர்களையும் பேசிவிட்டேன். நீ பேருக்கு ஒரு வெங்காயம் நறுக்கினால் போதும். பட்டுச் சட்டையை மட்டும் எடுத்து வெயிலில் போட்டு வை.

உன் பேரி மரங்கள் கிளை ஒடியக் காய்க்கட்டும். அத்தானுக்கு இருமல் நிற்கட்டும். நாய்க்குப் பல் மழுங்கட்டும். உன் கோபமும் பேத்தி முகம் பார்க்கிற காலத்துக்குள் தணியட்டும்.

வெற்றி வீரன், உன் தம்பி,
யொங்ஷெங்

பி.கு.: உறையை ஒட்டப்போனபோது ஜிங்வென் இந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். சுவரில் தட்டினார் என்ற இடம் வந்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மர்ரே தட்டியது சுவரை இல்லையாம். சுவரில் தொங்கிய உன் படத்தையாம். ஹியர் என்றால் என் கடை இல்லை, உன் முற்றம். அந்தப் பேரி மரத்தடியில்தான் கல்யாணம். இடுப்பில் கை ஊன்றி நிற்கிற உன்னைப் பார்த்து, எல்லோரையும் வாங்க வாங்க என்று கூப்பிடுகிற மகராசி என்று ஹெதர் உருகிப்போயிருக்கிறார். சொந்தபந்தம், அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள், ரோமம் கத்தரிக்கிற ஆட்கள் என்று எல்லோருக்கும் உன் படத்தையே அழைப்பிதழாக அனுப்பிவிட்டாராம். மண்டபக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார், அதை விடு. உன் சபதத்தை யோசித்துப் பார்த்தால் இரண்டு பாதியுமே பலிக்கிறது: வருகிற அத்தனை பேருக்கும் நீயே சமைத்துப் போடப்போகிறாய், உன் வாசற்படியை விட்டு ஓர் அடி நகரவும் வேண்டாம். சம்பந்திகள் நாளைக் காலை முற்றத்தை அளக்க உன் ஊர் கௌலானுக்குப் பேருந்தில் கிளம்புகிறார்கள். கடிதம் முந்துமா, அவர்கள் முந்துவார்களா தெரியாது. முதலில் நாயைக் கட்டு. ஹெதர் மரத்தைக் காட்டி ஏதோ ஒன்று கேட்பார். நீ ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது என்னவென்று உனக்கே தெரியும். ஆனால் வாயைத் திறந்து சொல்லு அக்கா, பல்லைக் கடிக்காதே.